யாழ்ப்பாணத்துக் காய்ச்சல் இங்கும் வருமா? எந்த எண்ணிக்கையைப் பார்ப்பது?

வெல்லாவெளியான் (இழையைத் தொடங்கியவர்), டிசம்பர் 2024

வடமராட்சிப் பக்கம் காய்ச்சல் பிடித்த சனம் சில நாளிலேயே மூச்சு முட்டிச் சாகிறது என்று காலையில் இருந்து வாட்ஸ்அப் முழுக்க ஓடுகிறது. ஒரு குழுவில் 4 என்கிறார்கள், இன்னொன்றில் 7, மூன்றாவதில் ஒருத்தர் 30 என்று குரல் பதிவு போட்டிருக்கிறார். என்ன காய்ச்சல் என்று செய்தியிலும் இல்லை, மர்மக் காய்ச்சலாம். இங்கே மட்டக்களப்பில் வெள்ளம் இப்போதுதான் வடிந்தது. அப்பா விடிய எழும்பி வயலுக்குப் போனால் உடைந்த வரம்பெல்லாம் கட்டிவிட்டு இருட்டித்தான் வீட்டுக்கு வருகிறார். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இப்படி ஒரு நோய் கிளம்பினால் அது கூடுகிறதா குறைகிறதா, நம் பக்கம் வருகிறதா என்று வீட்டில் இருந்துகொண்டு எதை வைத்துப் பார்ப்பது? செத்தவர் எண்ணிக்கையையா?

தோஹா மச்சான்

மச்சான், இங்கே ரூமில் இருக்கிற கேரளப் பையன்கள் இது நிபாவாக இருக்கும் என்கிறார்கள். 2018இல் கோழிக்கோட்டிலும் இப்படித்தான் முதலில் என்னவென்று தெரியாமல் ஆட்கள் விழுந்தார்களாம். அம்மாவும் தம்பியும் களுவாஞ்சிக்குடியில். எனக்கு நித்திரை இல்லை. யாராவது விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வீட்டுக்கு என்ன சொல்ல?

பழைய பீ.எச்.ஐ

தம்பிமார், நான் பழைய பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பீ.எச்.ஐ). முதலில் அந்த 30 என்ற குரல் பதிவை அழித்துவிடுங்கள். பேசுகிறவர் யார், எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று ஒன்றும் இல்லை.

நிபா கதைக்கு வருகிறேன். கேரளாவில் 2018இல் முதல் நோயாளி இறந்தது மே 5. நோய் நிபா என்று உறுதியானது மே 20 அளவில். அதற்கு முன்பே டாக்டர்களுக்குப் பொறி தட்டியதற்குக் காரணம், ஒரே வீட்டில் அடுத்தடுத்து ஆட்கள் மூளைக்காய்ச்சலோடு விழுந்தது. மறுகா தேடிப் பார்த்தால், தொற்றிய மற்றவர்களில் பெரும்பாலானோர் நோயாளி கிடந்த அதே ஆஸ்பத்திரியில் அதே நேரம் ஏதோ வேலையாக நின்றவர்கள். அவரைப் பராமரித்த பேராம்பிரா ஆஸ்பத்திரித் தாதி லினியும் இறந்துபோனார். மனிதரிடம் இருந்து மனிதருக்குத் தொற்றுகிற நோய் அப்படித்தான் தடம் விடும். பராமரித்த மனைவி விழுவாள், தாய் விழுவாள், தாதி விழுவாள், அதுவும் ஒரு இடைவெளி விட்டு.

வடமராட்சியில் இருந்து வருகிற செய்தியில் நான் தேடுவது அதைத்தான், அது இல்லை. தனித்தனி வீடு. வேலை செய்கிற வயதுக்காரர்கள். நவம்பர் கடைசியில் பெரிய வெள்ளம் நின்று வடிந்த இடம். எனக்கு எலிக்காய்ச்சல் என்றுதான் படுகிறது. ஆனால் நான் ஆய்வுகூடம் இல்லை, இரத்த மாதிரி போயிருக்கிறதாம், அவர்கள் சொல்லட்டும்.

சம்மாந்துறை நானா

ஆய்வுகூடம் சொல்லும், ஆனால் உண்மையைச் சொல்லுவார்களா? 2017இல் கிண்ணியாவில் டெங்கில் சனம் அடுத்தடுத்து மவுத்தாகி, பள்ளிக்கூடம் மூடின பிறகுதானே கொழும்பு திரும்பிப் பார்த்தது. அந்த வருடம் நாடு முழுக்க 1,86,101 பேர் என்று கணக்கு வந்தது, அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் மட்டும். நாங்கள் எண்ணிக்கையை நம்புவதா?

வந்தாறுமூலை

நானா, மறைக்கிறார்களா இல்லையா என்பதை விடுங்கள். யாரும் மறைக்காவிட்டாலும் அந்த எண்ணிக்கை உங்களைக் குழப்பும். நான் இங்கே கிழக்குப் பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரம் படிக்கிறேன், வகுப்பில் இதைப் பற்றி வாய் கிழியப் பேசியிருக்கிறோம்.

இப்போது வடமராட்சியில் தெரிந்தது மரணம் மட்டும். நோயாளி எத்தனை பேர் என்று தெரியாது. அதனால் வந்தவர் எல்லாரும் சாகிற மாதிரித் தோன்றும். என்ன நோய் என்று தெரிந்ததும் சாதாரணக் காய்ச்சல்காரரையும் சோதிப்பார்கள், கணக்கில் நூற்றுக்கணக்கில் ஆட்கள் ஏறுவார்கள், மரண வீதம் விழுந்துவிடும். நோய் சாதுவாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, பார்க்கிற கண் அகலமாகிவிட்டது, அவ்வளவுதான்.

மறுபக்கமும் உண்டு. 2003இல் சார்ஸ் வந்தபோது முதலில் 100க்கு 3, 4 பேர் சாவார்கள் என்று கணித்தார்கள். மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அதை 14, 15 என்று திருத்தியது. கடைசியில் 8,096 பேரில் 774 மரணம், கிட்டத்தட்ட 10. ஏன் இந்த ஆட்டம்? இன்றைக்கு ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர் பிழைப்பாரா சாவாரா என்று தெரியாத நேரத்தில், அவரை நோயாளிக் கணக்கில் போட்டுவிட்டு மரணக் கணக்கில் போடாமல் வகுத்ததால். எபோலாவிலும் இதே கூத்து. 2014 முதல் 2016 வரை மேற்கு ஆபிரிக்காவில் 28,600 பேர் அளவில் நோய், 11,300க்கு மேல் மரணம், அப்படியே வகுத்தால் 100க்குக் கிட்டத்தட்ட 40 வரும். முடிவு தெரிந்த நோயாளிகளை மட்டும் எடுத்துப் பார்த்தவர்கள் 70 என்றார்கள்.

ஆகவே வெல்லாவெளியான், செத்தவர் எண்ணிக்கையைப் பார்த்து நோய் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல முடியாது. அது எல்லாவற்றுக்கும் பிந்தி வருகிற எண்.

வார்ட் அக்கா (மறுநாள்)

செய்தி பார்த்திருப்பீர்கள். பேராதனையில் செய்த சோதனையில் எலிக்காய்ச்சல் என்று வந்துவிட்டது, லெப்டோஸ்பைரோசிஸ். மரணம் 7 என்கிறார்கள். பீ.எச்.ஐ ஐயா நேற்றே சொல்லிவிட்டார்.

நான் வார்டில் வேலை செய்கிறவள், பெயரும் இடமும் வேண்டாம். ஆட்கள் மஞ்சள் கண்ணைத்தான் எதிர்பார்க்கிறார்கள், கண் மஞ்சளாகாவிட்டால் எலிக்காய்ச்சல் இல்லை என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நெஞ்சுக்குள் இரத்தம் கசிகிற வகை ஒன்று இருக்கிறது, அதில் மூச்சுத்திணறல்தான் முன்னால் நிற்கும், வடமராட்சியில் பயமுறுத்தியது அதுதான். தொடக்கத்தில் டெங்கு மாதிரியே இருக்கும். காய்ச்சல், தலையிடி, உடம்பு முறிவு, இரத்தத்தில் பிளேட்லெட்டும் இறங்கும். நாங்கள் கவனிப்பது கண் சிவப்பு, கெண்டைக்கால் நோவு. கட்டிலில் இருக்கிற ஆளின் கெண்டைக்காலை மெதுவாக அமத்தினால் போதும், மனிசன் எழும்பி உட்கார்ந்துவிடுவார். மூத்திரம் குறைந்தால், இருமலில் இரத்தம் தெரிந்தால், மூச்சு வாங்கினால் நாள் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், அந்த நேரமே பெரிய ஆஸ்பத்திரி.

இன்னொன்று. காய்ச்சல் தொடங்கிய உடனே செய்கிற இரத்தச் சோதனை இல்லை என்று வந்தால் அதை நம்பி இருந்துவிடக் கூடாது. உடம்பு எதிர்ப்புப் பொருள் உண்டாக்க ஒரு கிழமை அளவில் எடுக்கும். அதனால்தான் டாக்டர்மார் முடிவு வரும்வரை காத்திராமல் மருந்தைத் தொடங்குகிறார்கள்.

தோஹா மச்சான்

அக்கா நன்றி. அப்போ ஒருத்தரிடம் இருந்து ஒருத்தருக்குத் தொற்றாது, அம்மா பஸ்ஸில் போகலாம், சரிதானே?

வார்ட் அக்கா

ஓம் தம்பி, பஸ்ஸில் போகலாம், செத்த வீட்டுக்கும் போகலாம். எலி, மாடு, எருமை, நாய் இவற்றின் மூத்திரம் கலந்த தண்ணீரிலும் சேற்றிலும்தான் கிருமி இருக்கிறது. வெடித்த காலால், கீறலால், கண்ணால் உள்ளே போகும். தம்பி வயலுக்குப் போகிறானா என்று கேளுங்கள், அதுதான் கேள்வி.

சம்மாந்துறை நானா

சரி, எலிக்காய்ச்சல் என்றே வைப்போம். தொற்றுநோயியல் பிரிவு கிழமைக்குக் கிழமை ஒரு அறிக்கை விடுகிறதே, மாவட்ட வாரியாக அட்டவணை போட்டு. மகன் போனில் இறக்கித் தந்தான். அம்பாறை வரிசையைப் பார்த்தேன், எலிக்காய்ச்சல் ஒன்றும் பெரிதாக இல்லை. எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்தே இந்தப் போகத்தில் ஆட்கள் கிடந்து எழும்பினார்கள். இதைத்தான் நான் மறைப்பு என்கிறேன்.

பழைய பீ.எச்.ஐ

நானா, நீங்கள் பார்த்தது வேறு வரிசை. சுகாதாரத் திணைக்களத்துக்கு அம்பாறை மாவட்டம் ஒன்று இல்லை, இரண்டு. அம்பாறைப் பிராந்தியம் தனி, கல்முனைப் பிராந்தியம் தனி. சம்மாந்துறை, நிந்தவூர், காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் எல்லாம் கல்முனைக் கணக்கு. அட்டவணையில் கீழே தேடுங்கள், கல்முனை என்று தனி வரிசை இருக்கும். இரண்டையும் கூட்டினால்தான் கச்சேரி (மாவட்டச் செயலகம்) சொல்கிற மாவட்டம் வரும். மட்டக்களப்பு ஒரே வரிசை.

அதே அட்டவணையில் ஒவ்வொரு நோய்க்கும் ஏ என்று ஒரு நிரல், பீ என்று ஒரு நிரல். ஏ அந்தக் கிழமைக்கு, பீ வருடம் தொடங்கியதில் இருந்து சேர்த்து. பீயைப் பார்த்துவிட்டு ஒரே கிழமையில் இத்தனை பேரா என்று பத்திரிகைக்காரரே எழுதியிருக்கிறார்கள். கடைசிப் பக்கமாக டி (T), சீ (C) என்று இரண்டு நிரல் வரும், யாரும் பார்ப்பதில்லை. டி என்றால் சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்) அலுவலகங்களில் எத்தனை வீதம் நேரத்துக்கு அறிக்கை அனுப்பின, சீ என்றால் மொத்தத்தில் எத்தனை வீதம் அனுப்பி முடித்தன. உங்கள் பிராந்தியத்தில் டி பாதிதான் என்றால் அந்தக் கிழமை நோயாளி குறைந்ததாகத் தெரிவது வெறும் தபால் தாமதம். வெள்ளக் கிழமையில் இது கட்டாயம் நடக்கும். பாதை மூடிக் கிடக்கும், அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள், நோய் குறைந்த மாதிரி எண் இறங்கும். அடுத்த கிழமை எல்லாம் சேர்ந்து வந்து விழும், சனம் பதறும்.

வெல்லாவெளியான்

ஐயா, அப்போ ஒரு எண் அந்தத் தாளில் ஏறுவதற்கு எவ்வளவு காலம் எடுக்கும்?

பழைய பீ.எச்.ஐ

கூட்டிப் பாருங்கள். இன்றைக்கு அப்பா சேற்றில் இறங்குகிறார். தொற்றினால் காய்ச்சல் வர பெரும்பாலும் 5 முதல் 14 நாள், சிலருக்கு ஒரு மாதம் வரையும் போகும். வந்த காய்ச்சலுக்கு முதலில் கடையில் பனடோல், மறுகா பக்கத்து டிஸ்பென்சரி, அப்புறம்தான் ஆஸ்பத்திரி. அங்கே டாக்டர் சந்தேகப்பட்டாலே போதும், உறுதியாக வேண்டியதில்லை, எச் 544 என்ற அட்டையை நிரப்பி எம்.ஓ.எச் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பீ.எச்.ஐ வீட்டுக்குப் போய் விசாரித்து எழுதுவார். சனி தொடங்கி வெள்ளி வரை ஒரு கிழமைக் கணக்கு மூடி மேலே போகும். அது அச்சாகி வருவதற்கு இன்னும் கிழமைகள். உன்னிச்சைக் குளத்தில் வான் கதவு திறந்த தண்ணீர் நம் வயலுக்கு வந்து சேருகிற மாதிரி, நீங்கள் தாளில் பார்க்கிற எண் ஒரு மாதத்துக்கு முந்திய சேற்றின் கணக்கு.

நாங்கள் அலுவலகத்தில் சுவரில் வரைகிற கோட்டில் அட்டை வந்த திகதியைப் போட மாட்டோம். காய்ச்சல் தொடங்கிய திகதியைப் போடுவோம். ஒரு வெள்ளத்தால் கிளம்பியது என்றால் வெள்ளம் வடிந்து ஒரு கிழமையில் ஏறத் தொடங்கி, மேடு கட்டி, இறங்கும். ஆளுக்கு ஆள் தொற்றுகிறது என்றால் மேடுகள் இடைவெளி விட்டு ஒன்றை விட ஒன்று பெரிதாக வரும். நிபாவா எலிக்காய்ச்சலா என்று கேட்டீர்களே, இரத்தம் சொல்வதற்கு முன்னால் இந்தக் கோடு பாதி சொல்லிவிடும்.

வந்தாறுமூலை

ஐயா இதையும் சொல்லுங்கள், அந்தக் கோட்டின் கடைசிப் பகுதி எப்போதும் கீழே சாய்ந்துதான் இருக்கும். போன கிழமை காய்ச்சல் தொடங்கியவர்கள் இன்னும் ஆஸ்பத்திரிக்கே வந்திருக்க மாட்டார்கள். அதைப் பார்த்து "குறைகிறது" என்று அறிக்கை விட்டவர்கள் கோவிட் காலத்தில் எத்தனை பேர்.

பழைய பீ.எச்.ஐ

சரியாகச் சொன்னீர்கள் மகள். (மகள் தானே? மகன் என்றால் மன்னிக்க.)

இன்னும் ஒரு விஷயம், இது நம் பக்கத்துக்கே உரியது. அட்டை போவது நோயாளியின் வீட்டு விலாசத்துக்குரிய எம்.ஓ.எச்சுக்கு. கல்லாறு, களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி என்று வாவிக்கும் கடலுக்கும் நடுவில் எழுவான்கரை மணலில் வீடு. வயல் வாவிக்கு அங்கால், வெல்லாவெளி, பட்டிப்பளை, வவுணதீவு. சேறு அந்தப் படுவான்கரையில், நோயாளி எழுவான்கரைக் கணக்கில். நிந்தவூர் ஆள் எங்கோ மேலே அம்பாறைப் பக்கம் குத்தகைக்குச் செய்வார், கணக்கு கல்முனையில் ஏறும். வரைபடத்தில் புள்ளி குத்தினால் கடற்கரை ஓரம் சிவக்கும், நீங்கள் கடற்கரையில் எலிப்பொறி வைப்பீர்கள்.

1854இல் லண்டனில் கொலரா வந்தபோது டாக்டர் ஜோன் ஸ்னோ செத்தவர் வீடுகளைப் புள்ளி குத்தி பிராட் தெருக் குழாய்க் கிணற்றைக் கண்டுபிடித்தார் என்று எல்லாரும் படித்திருப்போம். எனக்குப் பிடித்தது அதில் ஒட்டாத புள்ளி. மைல் கணக்கில் தள்ளி ஹாம்ஸ்டெட்டில் ஒரு கிழவி செத்திருந்தார். விசாரித்தால், அந்தக் குழாய்த் தண்ணீரின் ருசி பிடித்து ஆள் விட்டு எடுப்பித்துக் குடித்தவர். வீட்டுக்குப் போய்க் கேட்டதால்தான் அது தெரிந்தது.

நானும் அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன், எந்த ஊர் என்று வேண்டாம். மனிசன் ஆஸ்பத்திரியில், கிட்னி வேலை செய்யவில்லை. மனைவி வாசலில் நின்று "அவர் வயலுக்கே போறதில்லை ஐயா, மேசன் வேலை" என்றார். ஆடு மாடு இல்லை. கிணறு சுத்தம். எழுதி முடித்து எழும்பப் போகிறேன், வேலியில் ஒரு வீச்சு வலை காய்கிறது. இது யாருடையது என்று கேட்டேன். வெள்ளம் பாய்ந்த நேரம் மதகடியில் மீன் ஏறியிருக்கிறது, மனிசன் பொழுது சாயும்வரை முழங்காலளவு தண்ணீரில் நின்று வீசியிருக்கிறார், கம்பி கீறிய காலோடு. கூட நின்றவர்கள் யார் என்று கேட்டு அந்த வீடுகளுக்குப் போனால் இன்னொரு ஆள் காய்ச்சலோடு பாயில் கிடக்கிறான், அவனை அன்றே அனுப்பினோம். அந்த மதகு எந்த அட்டவணையிலும் வராது.

தோஹா மச்சான்

ஐயா, தம்பியிடம் கேட்டேன். வயலுக்குப் போகவில்லையாம், ஆனால் வெள்ளத்துக்குள் வலை வீசினானாம். இப்போதைக்குக் காய்ச்சல் இல்லை. என்ன செய்ய?

வார்ட் அக்கா

பயப்பட வேண்டாம், திகதியைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் கடையில் பனடோல் வாங்காமல் நேரே ஆஸ்பத்திரி, போனதும் முதல் வார்த்தையாக "வெள்ளத்தில் நின்றேன்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லாததால் கெட்ட கதைகள் நிறைய இருக்கின்றன.

சம்மாந்துறை நானா

சொன்னாலும் கேட்க ஆள் வேண்டுமே. என் மச்சானை ஒரு தனியார் டிஸ்பென்சரியில் காட்டினோம். வயல்காரன் என்று நானே வாயால் சொன்னேன். வைரஸ் காய்ச்சல் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள், திரும்பவும் போனோம், திரும்பவும் ஊசி. கடைசியில் டயாலிசிஸ். அல்லாஹ் காப்பாற்றினான். அந்தத் தனியார் இடத்தில் இருந்து ஒரு அட்டையாவது போயிருக்குமா?

பழைய பீ.எச்.ஐ

போயிருக்க வேண்டும். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புச் சட்டம் அரசாங்க டாக்டருக்கு மட்டும் இல்லை, தனியாருக்கும்தான். நடைமுறையில் போவது அருமை. ஆகவே நானா, உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒருவர் உட்கார்ந்து மறைப்பதால் அல்ல, இப்படி ஒவ்வொரு வாசலிலும் சிந்திப்போவதால்.

வெல்லாவெளியான்

எலிக்காய்ச்சல் வராமல் முன்கூட்டியே போடுகிற குளிசை பற்றிச் சொல்லுங்கள். அப்பா "நாற்பது வருஷமாக வயலில் நிற்கிறேன், எனக்கு வராதது இனியா வரும்" என்கிறார்.

பழைய பீ.எச்.ஐ

அப்பாவிடம் 2008ஐச் சொல்லுங்கள். நாடு முழுக்க 7,000க்கு மேல் சந்தேக நோயாளிகள், 200 பேர் அளவில் மரணம், பெரும்பாலும் ஈரவலயத்தில். இது இரத்தினபுரி, களுத்துறை நோய், நமக்கு இல்லை என்று உலர்வலயத்தில் இருந்த எல்லாரும் நினைத்தார்கள். 2011 வெள்ளத்துக்குப் பிறகு அனுராதபுரத்தில் கிளம்பியது. இப்போது வடமராட்சி. நாற்பது வருஷம் ஒரு காவல் இல்லை.

டொக்சிசைக்கிளின், 100 மில்லிகிராம் குளிசை இரண்டு, கிழமைக்கு ஒரு தரம், சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு. சேற்றில் இறங்குவதற்கு முன்பே தொடங்க வேண்டும், இறங்குகிற காலம் முழுக்கப் போட வேண்டும். பனாமாக் காட்டில் பயிற்சிக்குப் போன 940 அமெரிக்கச் சிப்பாய்களில் பாதிப் பேருக்கு இதையும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் குளிசையும் கொடுத்துப் பார்த்தார்கள், வெறும் குளிசைப் பக்கம் 20 பேருக்கு நோய், இந்தப் பக்கம் ஒருவருக்கு. வயலில் அவ்வளவு சுத்தமாக வேலை செய்யும் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் குளிசை கொடுக்காத வயல் வட்டையையும் கொடுத்த வட்டையையும் பார்த்தவன் நான். பார்மசியில் நீங்களாக வாங்க வேண்டாம், பீ.எச்.ஐயிடம் கேளுங்கள், அங்கே இலவசம். கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் கொடுக்கக் கூடாது. போட்டவருக்கும் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிதான்.

வந்தாறுமூலை (ஜனவரி 2025)

இழையை மேலே தூக்குகிறேன். வடக்கில் இருந்து வருகிற சந்தேக நோயாளி எண்ணிக்கை ஏறியது, ஆனால் மரணம் அதே வேகத்தில் ஏறவில்லை. குழுக்களில் "கட்டுக்கு அடங்காமல் பரவுகிறது" என்று ஓடியது. இது நான் முதலிலேயே எழுதிய விஷயம்தான், பெயர் தெரிந்ததும் எல்லா டாக்டரும் சந்தேகப்படுகிறார்கள், அட்டை கூடுகிறது, வேளைக்கே மருந்தும் தொடங்குகிறது. அட்டை கூடினால் நான் பயப்பட மாட்டேன். அட்டை இல்லாமல் மரணம் மட்டும் வந்தால்தான் பயப்படுவேன்.

சம்மாந்துறை நானா

கல்முனை வரிசையைக் கண்டுபிடித்துவிட்டேன் ஐயா. டி நிரலையும் பார்த்தேன். இப்போது எனக்கு அறுவடைதான் யோசனை. மெசின் இறங்க முடியாத ஈரக் காணியில் கையால் வெட்டப் போகிறவர்கள் எல்லாம் கூலிக்கு வெளியூரில் இருந்து வருகிறவர்கள், அவர்கள் வேலை முடிந்து ஊருக்குப் போய்த்தான் காய்ச்சலில் விழுவார்கள். அவர்களுக்குக் குளிசை யார் கொடுப்பது, அவர்களுடைய ஊர் பீ.எச்.ஐயா, எங்கள் ஊர் பீ.எச்.ஐயா?

பழைய பீ.எச்.ஐ

வேலை செய்கிற இடத்து பீ.எச்.ஐதான் கொடுக்க வேண்டும், ஆனால் அவருக்கு அவர்கள் வந்ததே தெரியாது. வட்டை விதானையிடம் (வயல் வேலைகளைக் கண்காணிப்பவர்) பெயர்ப் பட்டியல் இருக்கும், சம்பளக் கணக்குக்காக வைத்திருப்பார். அதில் ஒரு பிரதியைக் கொண்டுபோய் எம்.ஓ.எச் அலுவலகத்தில் கொடுங்கள், வெட்டு தொடங்குவதற்கு முதல் கிழமையே. ஊர்ப் பெயரையும் எழுதச் சொல்லுங்கள், மறுகா யாராவது விழுந்தால் தேட உதவும்.

வெல்லாவெளியான்

எங்கள் பக்கம் கமநல சேவை நிலையத்தில் கூட்டம் வைத்து அங்கேயே குளிசை கொடுத்தார்கள். அப்பா வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தார், போட்டாரா என்று கேட்டால் "ஓம்" என்கிறார், குளிசை அட்டையில் இரண்டும் அப்படியே இருக்கின்றன. அம்மாவிடம் கொடுத்துவிட்டேன், இன்று ராச் சோற்றோடு போட வைப்பா.